குளிர்ந்த ஏரி நாய்க்கு எதைக் கற்றுக்கொடுக்கிறது?

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஏப்ரலில் ஏரிப் பனி உருகியதும், வேட்டைத் தேர்வுக்கு ரெட்ரீவர் நாய்களைப் பழக்குபவர்களுக்குக் கை பரபரக்கும். விழுந்த வாத்தை நேராக நீந்திப்போய்க் கவ்விவருவதுதானே தேர்வின் உயிர்நாடி! ஆனாலும் அப்போது இளம் நாயை நீரில் இறக்காமலிருப்பதே அறிவு. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்நீரில் நீந்திய நாயின் வால் சில நாள் வலியோடு துவண்டு தொங்குவதும் உண்டு. அதைவிடப் பெரிய சேதம் பழக்கத்தில். நீரின் குளிர் உறைத்தால் நாய் கரையோரமாகச் சுற்றி ஓடும். பறவையும் கிடைக்கும், உடம்பும் நனையாது. குறுக்குவழிக்குப் பரிசு கிடைத்துவிட்டது. அந்தப் பாடத்தை மறக்கடிப்பது பெரும்பாடு.

நியூஃபவுண்ட்லாந்தின் குளிர்கடலில் மீனவர்களுக்கு உழைத்த நாய்களின் வழிவந்தது ரெட்ரீவர் இனமான லாப்ரடார். அப்படியானால் அதன் இரட்டை ரோமம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அடிரோமம் வெப்ப இழப்பைத் தாமதப்படுத்தும், நிறுத்திவிடாது. நீரை ஏற்கெனவே விரும்பும் வளர்ந்த நாய் கொஞ்ச நேரம் தாங்கும்; முதன்முதலாக நீரைப் பார்க்கும் குட்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது. தேர்வுத் தேதி காத்திருக்காது என்பவர்களும், விசிலுக்கு நிற்பது, கைச்சைகைக்குத் திரும்புவது, பறவை விழுந்த இடத்தை நினைவில் வைப்பது ஆகியவற்றைப் புல்வெளியிலேயே பழக்கிவிடலாம்.