முத்திரை விழுந்த நகல்

ஆர்ப்பாட்டம் நடத்தப் போலீஸ் அனுமதி எதற்கு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவே தந்திருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் மனு கொடுப்பது கைகட்டி நிற்பதாகாது. நாள், நேரம், இடம், ஊர்வலப் பாதை, வரக்கூடிய கூட்டம், பொறுப்பாளரின் கைப்பேசி எண் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் விழுந்த நகலைக் கையில் வாங்கிவிட்டால், 'எங்களுக்குத் தகவலே இல்லை' என்று காவல்துறை பிறகு கைவிரிக்க முடியாது. அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். வாய்வார்த்தையாகச் சொன்ன மறுப்பை எந்த நீதிபதியிடம் காட்டுவது?

நீதிமன்றங்களும் இரு தரப்புக்கும் எல்லை வகுத்திருக்கின்றன. பொதுச் சாலையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தலாம், அடியோடு தடுக்கும் கட்டற்ற அதிகாரம் காவல்துறைக்குக் கிடையாது என்று அகமதாபாத் வழக்கொன்றில் 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. டெல்லி ஷாகீன் பாக் வழக்கில் 2020இல், பொதுவழியைக் காலவரையின்றி மறித்து உட்கார முடியாது என்றது. நடைமுறையில் மாவட்டத்துக்கு மாவட்டம் போலீஸ் சட்டத்தின் 30(2), குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 144, 2024 முதல் அதற்குப் பதிலாக வந்த 163 என்று தடை போட்டுக்கொண்டே இருக்கிறார்களே, விதி மக்களுக்கு மட்டும்தானா என்ற ஆத்திரத்தையும் புறந்தள்ள முடியாது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தடை உத்தரவு அமலில்தான் இருந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். தூண்டுதல் ஏதுமின்றிச் சுட்டார்கள் என்று அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் பின்னர் சொன்னது. மக்களைக் கூடவிடாமல் போடும் உத்தரவு உயிரைக் காக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எந்த வழி, எத்தனை பேர் என்று இரு தரப்பும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி எழுதிவைப்பதுதான் காக்கும்.

போலீஸ் தடியே எடுக்காவிட்டாலும் கூட்டமே உயிரைக் குடிக்கும். கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்தாறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது; நின்றபடியே மூச்சுத் திணறும். ஆகவே கயிறு பிடிக்கத் தொண்டர்கள், ஆம்புலன்சுக்குத் திறந்துவைத்த ஒரு பாதை, குடிதண்ணீர், சொன்ன நேரத்துக்கு வந்துசேரும் பேச்சாளர் ஆகியவை ஒலிபெருக்கிக்கு முன்பே ஏற்பாடாக வேண்டும். இருபது பேர் கூடும் ஆர்ப்பாட்டத்துக்கும் இத்தனை ஆயத்தமா என்றால், அத்தனையும் வேண்டாம். ஆனால் வந்தவர்களின் பெயர்ப் பட்டியலும் ஒரு வழக்கறிஞரின் எண்ணும் கட்டாயம் வேண்டும். கைதானவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விடும்போது, எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்க்க அந்தப் பட்டியல்தான் உதவும்.