பாவித்த வள்ளத்தின் இஞ்சின் தூக்குப்பட மறுத்தால்

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் ஆள் இறங்கி நடக்கக்கூடிய இடங்கள் பல. அங்கே வள்ளம் ஓட்டுபவருக்கு இஞ்சினைத் தூக்குவதும் இறக்குவதும் நாளாந்த வேலை. வடமராட்சிக் கரையில் சேற்றுக்குப் பதில் முருகைக்கல். தூக்கத் தவறினால் காற்றாடி போய்விடும். எனவே பாவித்த வள்ளம் வாங்குபவர் இஞ்சின் ஸ்டார்ட் ஆகிறதா என்பதோடு நின்றுவிடக் கூடாது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். 8, 15, 25 குதிரைவலு இஞ்சின்கள் பெரும்பாலும் கையால் தூக்குபவை. அவற்றின் சாய்வைத் தீர்மானிப்பது, பின்பலகையைப் பிடிக்கும் தாங்கியின் துளைகளில் ஒன்றில் செருகிய ஒரு கம்பி. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இஞ்சின் முன்பு வேறு வள்ளத்தில் இருந்திருக்கும். கம்பியும் அந்த வள்ளத்தின் பின்பலகைச் சரிவுக்கு ஏற்ற துளையிலேயே கிடக்கும். ஓடும்போது அணியம் தண்ணீரைக் குத்தி, கைபிடி கனத்தால் இஞ்சின் அளவுக்கு மீறி உள்ளே சாய்ந்திருக்கிறது. கம்பியை ஒரு துளை வெளியே மாற்றுங்கள். அணியம் துள்ளித் துள்ளி விழுந்தாலோ, காற்றாடி காற்றை இழுத்து இஞ்சின் வீணாக அலறினாலோ ஒரு துளை உள்ளே. காற்றாடிக்கு மேலுள்ள தட்டைத் தகடு ஓட்டத்தின்போது நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாக நிற்பதே சரியான சாய்வு. வெறும் வள்ளத்தில் பார்த்துப் பயனில்லை. வலையும் ஐஸ் பெட்டியும் ஆட்களும் வழமைபோல் இருக்கட்டும்.

பின்னோக்கிப் போட்டதும் இஞ்சின் தானாக மேலே எழும்பினால் பூட்டுக் கொழுவி தேய்ந்திருக்கும், அல்லது அதன் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். கையால் தூக்கவே முடியவில்லையா? தாங்கித் தண்டில் உப்பு இறுகியிருக்கும். சுத்தியலால் அடித்தால் அலுமினியம் வெடிக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, மெல்ல அசைத்து, பிறகு நிப்பிள் வழியாகப் புதுக் கிறீஸ் ஏற்றுங்கள்.

பெரிய இஞ்சின்களில் பொத்தானை அழுத்தினால் மின்மோட்டர் ஹைட்ரோலிக் எண்ணெயைத் தள்ளி இஞ்சினைத் தூக்கும். இங்கே காதுதான் முதல் கருவி. ஒரு சத்தமும் இல்லையென்றால் பற்றரி, பியூஸ், பொத்தான், வயர் இணைப்பு என்று வரிசையாகப் பாருங்கள். டிக் என்ற ஒலி மட்டும் வந்தால் றிலே வேலை செய்கிறது. மோட்டருக்கு மின் போதவில்லை, அல்லது மோட்டரே பழுது. பச்சை பூத்த ஏர்த் வயரைத் துப்புரவாக்கியதும் சரியாகிவிடுவதும் உண்டு. மேலே போகும், கீழே வராது என்றால், இரண்டு றிலேகளும் ஒரே மாதிரியாயின் அவற்றை இடம்மாற்றிப் பாருங்கள். பழுதும் இடம் மாறினால் குற்றவாளி றிலே.

மோட்டர் சுழலும் சத்தம் கேட்டும் இஞ்சின் அசையாவிட்டால் உடனே பம்பைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். தாங்கியின் பக்கவாட்டில் கையால் தூக்குவதற்கென ஒரு திருகாணி வால்வு இருக்கும். முன்னைய சொந்தக்காரர் அதைத் திறந்து, இறுக்க மறந்திருக்கலாம். அதுவும் சரியென்றால் எண்ணெய் குறைந்திருக்கும். எண்ணெய் மூடியை இஞ்சின் முழுதாக மேலே இருக்கும்போதே திறக்க வேண்டும்; இறங்கிய நிலையில் அழுத்தத்தோடு பீறிடும். மேலே நிறுத்தியதும் தாங்குபிடியைப் போட்டுவிடுங்கள், ஹைட்ரோலிக்கை நம்பிக் கீழே கை வைக்க வேண்டாம். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் சீல் வழியே கடல்நீர் புகுந்துவிட்டது. அப்போது மேலும் எண்ணெய் ஊற்றுவதால் பயனில்லை; சீல் மாற்றத்தான் வேண்டும். எந்த எண்ணெய் என்பதைக் கைநூலில் பார்த்து வாங்குங்கள், பிறேக் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள்.

ஓடிவந்த இஞ்சினை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்வார்கள். தீவுப்பகுதிகளில் பல கிணறுகளே உவர். அந்தத் தண்ணீர் கடல்நீரை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். கிறீஸை அடிக்கடி போடுங்கள்.

ஹைட்ரோலிக் இஞ்சின் என்றால், காசு கொடுக்க முன் ஒரு சோதனை. இஞ்சினை முழுதாகத் தூக்கி, தாங்குபிடி போடாமல், அது நிற்கும் உயரத்தைக் குறித்துவிட்டு ஓர் இரவு விடுங்கள். கீழே ஆளோ பொருளோ இருக்கக் கூடாது. விடியும்போது குறிக்குக் கீழே இறங்கியிருந்தால் வால்வோ சீலோ கசிகிறது. திருத்தச் செலவை மெக்கானிக்கிடம் கேட்டு, விலையில் கழித்துப் பேசுங்கள்.