வேலியில்லா நிலத்தில் இரண்டு இரவுகள்

கென்யாவின் மாசாய் மாரா பகுதியில் வார இறுதியைக் கழிக்க எண்ணுபவர், அங்குள்ள விருந்தினர் இல்லங்களின் கட்டணப் பட்டியலைக் கண்டதும் சற்றுத் திகைப்பது இயல்பே. தடித்த கூடாரத் துணியால் அமைந்த அறை; குளிப்பதற்கோ, பல இல்லங்களில் பணியாளர் தொட்டியில் ஊற்றித் தரும் வெந்நீர்தான். இதற்கு நட்சத்திர விடுதிக்கு நிகரான தொகையா என்று வினவத் தோன்றும். அத்தொகையில் ஒரு பங்கு அறைக்கானதன்று, நிலத்திற்கானது என்பதை அறிந்த பிறகே அதன் நியாயத்தை எடைபோட இயலும்.

மாசாய் மாரா தேசியக் காப்பகம் ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; நாரோக் மாவட்ட அரசின் பொறுப்பில் உள்ளது. அதன் வடக்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடக்கும் புல்வெளிகளோ மாசாய் மக்களின் உடைமை. முன்னர் கூட்டு மேய்ச்சல் நிலங்களாக இருந்தவை, காலப்போக்கில் தனித்தனிப் பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டன. பட்டா கைக்கு வந்தவர் வேலி போடலாம், கோதுமை விதைக்கலாம், விற்றும் விடலாம். ஆனால் யானைக்கும் வரிக்குதிரைக்கும் காப்பகத்தின் எல்லைக்கோடு தெரியாது. அவை ஆண்டு முழுவதும் இந்தத் தனியார் நிலங்களிலும் மேய்கின்றன. வேலிகள் பெருகினால் அவற்றின் வழித்தடங்கள் அடைபட்டுவிடும்.

இதற்குக் கண்ட வழியே ‘கன்சர்வன்சி’ எனப்படும் சமுதாயக் காப்பு நிலம். அடுத்தடுத்த நிலங்களின் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து, வேலியின்றித் தம் நிலங்களை விருந்தினர் இல்லம் நடத்துவோருக்குக் குத்தகைக்கு விடுகின்றனர். 2005இல் ஓல் கின்யேய், 2010இல் மாரா நபோய்ஷோ என இவை வளர்ந்தன. ‘நபோய்ஷோ’ என்பதற்கு மாசாய் மொழியில் ஒன்றுகூடல் என்று பொருள். அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நில உரிமையாளர்களின் ஏறத்தாழ 50,000 ஏக்கர் நிலம் இணைந்துள்ளது. கென்யாவின் 2013ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இத்தகைய அமைப்புகளுக்குச் சட்ட ஏற்பையும் அளித்தது.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது குத்தகைத் தொகை சென்றடையும் முறையை. விருந்தினர் எத்தனை பேர் வந்தனர் என்பதைப் பொருட்படுத்தாமல், ஏக்கர் கணக்கில் நிர்ணயித்த தொகை நில உரிமையாளரின் கணக்கில் நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. மழை பொய்த்து மாடுகள் மடியும் ஆண்டிலும் வரும் வருமானம் இது. கால்நடையையே செல்வமாகக் கொண்ட குடும்பத்திற்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் இந்த ஏற்பாடு பயணிகளை நம்பியே நிற்கிறது. 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது இல்லங்கள் காலியாயின. பல இடங்களில் குத்தகைத் தொகை குறைக்கப்பட்டது. வருமானம் நின்றுபோனால் வேலி போடுவதா, விற்பதா என்ற கேள்வி மீண்டும் எழத்தானே செய்யும்?

வேறு குறைகளும் உண்டு. பட்டாக்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருப்பதால் குத்தகைப் பணமும் அவர்களையே சேர்கிறது. நிலமற்றோருக்குப் பங்கில்லை. மேய்ச்சலுக்கு விதிக்கப்படும் கட்டுப்பாடு அண்டை நிலங்களின் சுமையைக் கூட்டுகிறது. இத்தனையையும் கருதிய பின்னரும், காப்பக வாயிலை ஒட்டி வரைமுறையின்றிப் பெருகியுள்ள மலிவான விடுதிகளைவிட, குத்தகை செலுத்தும் இல்லத்தையே நாம் பரிந்துரைப்போம்.

விருந்தினருக்கும் இதில் ஆதாயம் உண்டு. நிலப்பரப்பைக் கணக்கிட்டே படுக்கைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்படுகிறது. ஒரு சிங்கத்தைச் சூழ்ந்து பொதுவாக ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்க விடுவதில்லை. ஆகஸ்டு மாதத்தில் வில்டபீஸ்ட் மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் துறைகளில் முண்டியடிக்கும் வண்டிக் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இதன் மதிப்புப் புரியும். தேசியக் காப்பகத்தில் அனுமதியில்லாத இரவு உலாவும் வழிகாட்டியுடன் கூடிய நடைப்பயணமும் இங்கே உண்டு. இருட்டிய பின் உணவுக்கூடத்திலிருந்து அறைக்குத் தனியே செல்லலாகாது; விளக்கேந்திய காவலர் உடன் வருவார். வேலியில்லாத இடத்தில், ஆற்றோர நீர்யானை புல் மேய்ந்தபடி வாசல்வரை வந்து நிற்கக்கூடும். ஏற்காட்டை ஒத்த உயரமாதலால் விடியற்காலைக் குளிருக்குக் கம்பளிச் சட்டை தேவைப்படும். சைவ உணவினருக்குச் சப்பாத்தியும், நம் களியை நினைவூட்டும் உகாலியும், ‘சுகுமா விக்கி’ எனும் கீரைப் பொரியலும் கிடைக்கும்.

நைரோபியிலிருந்து சாலை வழியே ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரண்டு இரவுகளே தங்குவோருக்கு வில்சன் விமான நிலையத்திலிருந்து புறப்படும் சிறு விமானம் ஏற்றது. ஏறக்குறைய முக்கால் மணி நேரப் பயணம். மென்மையான பையில் 15 கிலோ சுமைக்கே பொதுவாக அனுமதி. முன்பதிவின்போது, காப்பு நிலக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்று எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். தேசியக் காப்பகத்திற்குள்ளும் செல்ல விரும்பினால் நுழைவுக் கட்டணம் தனி. 2024இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, வெளிநாட்டவரில் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஆகவே காப்பு நிலத்திலேயே இரு நாள்களையும் கழிப்பது சிக்கனமானது.

செலவுத் தொகையை டாலரில் ஏற்றிய பயண அட்டையாகக் கொண்டு செல்லலாம். இது ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில், நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் என்ற வரம்புக்குள் அடங்கும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்குகையில் பிடிக்கப்படும் வரியை வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளலாம். அதற்கான சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். கென்யாவிற்கான மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே இணையவழியில் பெற வேண்டும். 2017 முதல் அங்கே பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருப்பதால் துணிப்பையே கொண்டு செல்க. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை அரசு அங்கீகரித்த மையத்தில் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்புவோர் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தப்பட நேரிடும் என்பதால், அதைக் கடவுச்சீட்டுடன் சேர்த்தே வைத்திருங்கள்.