மறுக்கப் புறப்பட்டவர் மாறினார்!

கிறிஸ்தவ மதத்தைச் சோதித்த நூல்களும், எழுதியவர்கள் கொடுத்த விலையும்

காசி நகரில் நீலகண்ட சாஸ்திரி கோரே என்றொரு இளைஞர் இருந்தார். மராட்டிய சித்பாவன பிராமணக் குடும்பம். கிறிஸ்தவப் பாதிரிகளின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து, 1844-45-ல் 'சாஸ்திர தத்துவ விநிர்ணயம்' என்ற சமஸ்கிருத நூலை எழுதினார். அப்போது அவருக்கு வயது சுமார் இருபது. மூன்று ஆண்டுகள் சென்றன. 1848 மார்ச் மாதம் அதே நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்று நெகேமியா கோரே ஆனார்!

இப்படிப்பட்ட திருப்பம் நம் நாட்டு வரலாற்றில் இது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். எதிர்த்திசையில் நடந்த கதையும் உண்டு. பைபிளை மொழிபெயர்க்க உட்கார்ந்த பாதிரியார் ஒருவர், அந்த வேலையின் நடுவிலேயே தம் சபையின் கொள்கையை விட்டு விலகியிருக்கிறார்.

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்து, ஓர் அறையில் நான்கு பேராகத் தங்கியிருப்பவர்களுக்கு மத விவாதம் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் ஆரம்பித்தால் பத்தே நிமிடத்தில் குரல் உயரும். எதிராளி என்ன சொல்கிறார் என்று ஒருவரும் காதில் வாங்குவதில்லை. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, இதே கேள்விகளை ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து, எதிராளியின் நூலை வரிவரியாகப் படித்து விவாதித்தவர்கள் இந்நாட்டில் இருந்தார்கள். அப்படிப் படித்ததற்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள்.

கம்பெனி அதிகாரியின் சுலோகங்கள்

நீலகண்டர் மறுக்க எடுத்துக்கொண்டது 'மத பரீட்சை' என்ற நூலை. 1839-ல் கல்கத்தாவில் வெளிவந்த இதை எழுதியவர் பாதிரியார் அல்லர். ஜான் மியூர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம். கச்சேரி வேலை போக மீந்த நேரத்தில் சமஸ்கிருதம் கற்று, குருவும் சீடனும் உரையாடுவது போலச் சுலோகங்களாகவே இந்நூலை எழுதிவிட்டார்.

உண்மையான மதத்தை அறிய மியூர் மூன்று அடையாளங்கள் சொன்னார். அதை நிறுவியவர் அற்புதங்கள் செய்திருக்க வேண்டும். அந்த மதம் தூய்மையானதாக இருக்க வேண்டும். அதன் வேதம் ஒரு நாட்டுக்கோ ஜாதிக்கோ மட்டும் என்றில்லாமல் உலகத்தார் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இம்மூன்றும் கிறிஸ்தவத்தில்தான் உண்டு என்பது அவர் வாதம்.

பண்டிதர்கள் சும்மா இருக்கவில்லை. சோமநாதர் என்ற பெயரில் சுபாஜி பாபு என்ற மராட்டிய ஜோதிடப் பண்டிதர் 1839-லேயே பதில் எழுதினார். அவர் சாந்தமானவர். அவரவர் மதம் அவரவர்க்கு ஏற்றது, ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவ வேண்டியதில்லை என்பது அவர் நிலை. மறு ஆண்டு பதில் எழுதிய வங்காளத்து ஹரசந்திர தர்க்க பஞ்சானனரோ கடுமையானவர். அற்புதம் சான்று என்றால் அற்புதக் கதை இல்லாத மதம் எது என்பது போன்ற கேள்விகள் அந்நாளில் எழுந்தன. முற்பிறவி என்பது இல்லையானால், ஒரு குழந்தை குருடாகவும் இன்னொன்று நல்ல கண்ணோடும் பிறப்பதற்கு யார் பொறுப்பு? சில ஆண்டுகளே வாழும் மனிதன் செய்த பாவத்துக்கு முடிவே இல்லாத நரகத்தைத் தருவது எந்த நீதி? இவை வாய்ச்சண்டைக் கேள்விகள் அல்ல. ஐரோப்பாவிலேயே பலரைத் தூங்கவிடாமல் செய்த கேள்விகள்.

அந்நாளில் கல்கத்தா வாலிபர்களிடம் சந்தேக நூல்களுக்கும் கிராக்கி இருந்தது. பைபிளைக் கண்டித்து தாமஸ் பெயின் எழுதிய 'பகுத்தறிவின் யுகம்' கப்பலில் வந்து இறங்கியது. ஆரம்பத்தில் பிரதி ஒரு ரூபாய்க்கு விற்றது, சில மாதங்களில் ஐந்து மடங்காக ஏறிவிட்டது என்று அலெக்சாண்டர் டஃப் பாதிரியார் வருத்தத்தோடு எழுதிவைத்திருக்கிறார்.

நீலகண்டர் இந்த வரிசையில் வந்தவர். காசியில் சர்ச் மிஷன் சங்கத்துப் பாதிரியார் வில்லியம் ஸ்மித்தை அவர் தேடிப் போனது கற்றுக்கொள்ள அல்ல, வாதத்தில் மடக்க. ஆனால் மடக்க வேண்டுமானால் எதிராளியின் நூலைப் படித்தாக வேண்டும். படித்தார். மறுப்பும் எழுதினார். எழுதி முடித்த பிறகும் படிப்பு நிற்கவில்லை. தாம் எதிராளியிடம் கேட்ட கேள்விகளைத் தம் சாஸ்திரங்களிடமும் கேட்கத் தொடங்கினார். அங்கேதான் திருப்பம் நேர்ந்தது. வீட்டில் பெரும் எதிர்ப்பு. கடைசியில் காசியில் அல்ல, ஜான்பூரில் ஞானஸ்நானம் பெற்றார்.

'அவரால்' என்பதா, 'அவர் மூலமாய்' என்பதா?

இதற்கு சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில் நடந்தது இதற்கு நேர் எதிரான கதை.

1820-ல் ராஜா ராம்மோகன் ராய் 'இயேசுவின் போதனைகள்' என்ற நூலை வெளியிட்டார. சுவிசேஷங்களிலிருந்து நீதிபோதனைகளை மட்டும் தொகுத்திருந்தார். அற்புதங்களையும் திரித்துவம் முதலிய கோட்பாடுகளையும் சேர்க்கவில்லை. நல்வாழ்வுக்கு இப்போதனைகளே போதும் என்பது அவர் கருத்து.

ஹௌராவிலிருந்து பர்த்தமான் போகும் லோக்கலில் ஏறினால் வழியில் வரும் சீராம்பூர்தான் அன்று பாப்டிஸ்ட் பாதிரிகளின் தலைமை இடம். அங்கிருந்த ஜோஷுவா மார்ஷ்மன் தம் பத்திரிகையில் ராயைக் கண்டித்தார். அற்புதங்களையும் பாவநிவாரண பலியையும் எடுத்துவிட்டால் கிறிஸ்தவத்தில் என்ன மிச்சம் என்பது அவர் வாதம். அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் ராயை 'அஞ்ஞானி' என்று சொன்னது சுட்டது.

ராய் கோபத்தில் கத்தவில்லை. 'சத்தியத்தின் நண்பன்' என்று கையெழுத்திட்டு பதில் எழுதினார். பைபிளின் மூலமொழிகளான கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் கற்றுக்கொண்டு இரண்டாவது பதிலை 1821-ல் எழுதினார். மூன்றாவது பதிலை அச்சிட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மறுத்துவிட்டது. தாமே ஓர் அச்சகம் வைத்து 1823-ல் அதை வெளியிட்டார்! மார்ஷ்மனின் பதில்களும் 1822-ல் லண்டனில் தனி நூலாக வந்தன. ஆக, சான்று, சந்தேகம் இரண்டும் அச்சில் நேருக்கு நேர் நின்றன.

இந்த விவாதத்தின் நடுவே அகப்பட்டவர் வில்லியம் ஆடம் என்ற இளம் பாப்டிஸ்ட் பாதிரியார். ராயோடும் யேட்ஸ் என்ற மற்றொரு பாதிரியாரோடும் சேர்ந்து சுவிசேஷங்களை வங்காளியில் மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தார். யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் ஒரு சிறு கிரேக்கச் சொல்லில் தகராறு வந்தது. எல்லாம் 'அவரால்' உண்டாயின என்று எழுதுவதா, 'அவர் மூலமாய்' உண்டாயின என்று எழுதுவதா?

தமிழ் அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. முதலாளியால் கட்டப்பட்ட வீடு வேறு, மேஸ்திரி மூலமாய்க் கட்டப்பட்ட வீடு வேறு. 'அவரால்' என்றால் இயேசுவே படைத்தவர். 'மூலமாய்' என்றால் படைத்தவர் வேறு, இவர் வழி. ஓர் உருபில் ஒரு மதத்தின் அஸ்திவாரமே நிற்கிறது!

'மூலமாய்' என்பதே சரி என்ற முடிவுக்கு ஆடம் வந்தார். யேட்ஸ் விலகிக்கொண்டார். 1821-ல் ஆடம் திரித்துவக் கொள்கையையே கைவிட்டு, கடவுள் ஒருவரே என்னும் யூனிடேரியன் கிறிஸ்தவரானார். ராமோகனை மாற்றப் போனவர் தாமே மாறிவிட்டார் என்று ஊர் சிரித்தது. முதல் மனிதன் ஆதாமின் பெயரே இவருக்கும் இருந்ததால், 'இரண்டாவது முறை விழுந்த ஆதாம்' என்று கேலி செய்தார்கள். மிஷன் வேலை போயிற்று. பிறகு பத்திரிகை ஆசிரியராக இருந்தார். வங்காளம், பீகார் கிராமப் பள்ளிகளைப் பற்றி 1835 முதல் 1838 வரை அவர் அரசுக்கு அளித்த மூன்று அறிக்கைகளை இன்றும் கல்வி வரலாற்று மாணவர்கள் படிக்கிறார்கள். பிரசங்க மேடை போனாலும் மனிதர் வீணாகவில்லை.

புரசைவாக்கத்துத் திருவேங்கடம்

ஆடமுக்கும் முன்பே இந்தப் பாதையில் நடந்தவர் ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. திருவேங்கடம் என்ற வேளாளர் வெள்ளைக்காரர்களிடம் வேலைக்காரராக இருந்து இங்கிலாந்து போனவர். கிறிஸ்தவராகி வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் பெற்றார். அங்கே பிரீஸ்ட்லி, லிண்ட்ஸி ஆகியோரின் நூல்கள் அவர் கைக்குக் கிடைத்தன. ஆக்ஸிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவராகப் பாடப்புத்தகத்தில் வரும் அதே பிரீஸ்ட்லிதான். திரித்துவத்துக்கு பைபிளில் ஆதாரமில்லை என்று வாதிட்ட நூல்கள் அவை.

கல்லூரிப் படிப்பில்லாத அந்த வேலைக்காரர், கேட்டதை அப்படியே நம்பாமல் படித்து ஒரு முடிவுக்கு வந்தார். சென்னை திரும்பி 1795-ல் ஒரு சிறு சபையைத் தொடங்கினார். 1813-ல் புரசைவாக்கத்தில் அதற்கு ஒரு கோயிலும் கட்டினார். தமிழில் சிறு நூல்கள் எழுதினார். 1838-ல் காலமானார். பெரிய மிஷன்களின் ஆதரவு இல்லை. படித்துத் தெளிந்ததற்காக, வந்து சேர்ந்த மதத்திலேயே தனித்து நின்றார்.

மாறிய பிறகும் தீராத கேள்வி

மதம் மாறியதோடு கேள்விகள் தீர்ந்துவிடுமா? நீலகண்டரின் பிற்காலம் இதற்குப் பதில் சொல்கிறது.

1853-ல் மகள் பிறந்த பின் மனைவி லட்சுமிபாய் இறந்தார். எல்லன் லட்சுமி என்ற அந்த மகள் பிறர் வீட்டில் வளர்ந்து, பின்னாளில் ஆங்கிலத்தில் பக்திப் பாடல்கள் எழுதிப் புகழ் பெற்றார். 1854-ல் பஞ்சாப் மகாராஜா துலீப் சிங்கோடு நீலகண்டர் இங்கிலாந்து சென்றார். பைபிளில் படித்த கிறிஸ்தவத்தை லண்டன் தெருக்களில் தேடினார், காணவில்லை. அவர் கண்ணீரோடு மனம் நொந்து பேசியதை, அங்கே அவரைச் சந்தித்த மாக்ஸ் முல்லர் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் திரும்பிப் போகவில்லை. ஆறு தரிசனங்களையும் ஆராய்ந்து மறுக்கும் 'ஷட்தர்சன தர்ப்பணம்' என்ற நூலை 1860-ல் இந்தியில் எழுதினார். 1870-ல் ஆங்கிலிகன் குருவானார். ஒரு துறவிச் சங்கத்தில் சேர்ந்தும் இறுதி விரதம் எடுக்கவில்லை. சந்தேகங்கள் அவரைக் கடைசிவரை விடவில்லை. 1895-ல் பம்பாயில் காலமானார்.

அவருடைய எழுத்தால் நம்பிக்கை பெற்றவர்களில் பண்டித ரமாபாய் முக்கியமானவர். 1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்ற ரமாபாய், தமக்கு வழிகாட்டிய ஆங்கிலேய கன்னியாஸ்திரீகளிடமே திரித்துவம் முதலியவற்றைப் பற்றி விடாமல் கேள்வி எழுப்பினார். தம் மனச்சாட்சியை இன்னொருவர் கையில் ஒப்படைக்க முடியாது என்பதில் உறுதியாக இருந்தார். ஆடமை வாட்டிய அதே கேள்வி அறுபது ஆண்டுகள் கழித்து ரமாபாயையும் வாட்டியது. ஒருவர் மேடையை விட்டு இறங்கினார். மற்றவர் விசுவாசத்துக்குள்ளேயே நின்று போராடினார்.

இவர்களில் யார் சொன்னது சரி என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம். ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. எதிராளியைத் திட்ட மட்டுமே எழுதப்பட்ட துண்டுப் பிரசுரங்கள் அந்நாளில் ஏராளம். அவற்றை இன்று நினைப்பாரில்லை. நின்றவை, எதிராளியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொண்டு பதில் தேடியவையே. அப்படித் தேடுகிறவனுக்கு ஓர் அபாயம் உண்டு, தானே மாறிவிடக்கூடும். அந்த அபாயத்துக்கு அஞ்சாதவர்களின் நூல்களே நம்பிக்கையுள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒன்றுபோலப் பயன்படுகின்றன.

கிறிஸ்தவத்தை மறுக்கும் 'சாஸ்திர தத்துவ விநிர்ணயம்', தரிசனங்களை மறுக்கும் 'ஷட்தர்சன தர்ப்பணம்' ஆகிய இரண்டையும் எழுதியவர் ஒருவரே. கட்சி கட்டி வாதிடுகிறவர்கள் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். உண்மையை அறிய விரும்புகிறவர் இரண்டையும் படிக்க வேண்டும்.