இருவர், ஒரு கார் - 7: சங்கு ஊதினால் சாப்பாடு

கல்கத்தா சாலையைப் பிடிக்க நினைப்பவர்கள் மாதவரம், செங்குன்றம் வழியாகச் சென்னையை விட்டு வெளியேறிவிடுவார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாகவே போய், மீஞ்சூர், பொன்னேரி சுற்றி நெடுஞ்சாலையில் ஏறலாம் என்று நான் சொன்னபோது, "கன்டெய்னர் லாரி பின்னாடி நிக்கறதுக்கா லீவு போட்டேன்?" என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான கேள்விதான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பது இங்கே அன்றாடக் காட்சி. ஆனால் அத்தனை நேரம் காத்திருப்பவர்களுக்குப் பசிக்காதா? பசித்தவர்கள் கூடும் இடத்தில் சமையல் சோடையாக இருக்காது என்பது என் கட்சி.

நல்ல சாப்பாட்டுக் கடைக்கு நட்சத்திரம் கொடுத்துப் பேர் வாங்கியது ஒரு டயர் கம்பெனி. பிரான்சில் மிஷ்லின் சகோதரர்கள் 1900-இல் ஒரு கையேட்டை இலவசமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். ஜனங்கள் ஊர் ஊராகக் காரில் சுற்றினால்தானே டயர் தேயும்? 1926-இல் நட்சத்திரம் வந்தது. பிற்பாடு மூன்று நட்சத்திரம் என்றால், அந்தக் கடையில் சாப்பிடுவதற்காகவே பயணம் கிளம்பலாம் என்று அர்த்தமாயிற்று. திருவொற்றியூரும் டயர் ஊர்தான். 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்த சின்னக் கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. 1950-களிலிருந்து என்ஃபீல்டு புல்லட் உருண்டு வந்ததும் இங்கிருந்துதான். எண்ணூரில் அசோக் லேலண்ட். சாலைக்கு வேண்டியதையெல்லாம் செய்துகொடுத்த இந்தப் பேட்டையில் நட்சத்திரத்தை நம்பிக் கடை தேடினால் ஒன்றும் கிடைக்காது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

ஆலை ஷிப்ட் மாறும் நேரத்துக்குத்தான் இங்கே உலை கொதிக்கிறது. இரண்டு மணிக்கு நிரம்பி வழியும் மெஸ்ஸில் மூன்றேகாலுக்குப் போனால் பெஞ்சைக் கவிழ்த்துப்போட்டுத் தரை கழுவிக்கொண்டிருப்பார்கள். நெடுஞ்சாலை ஓட்டல்காரருக்கு, இன்று வந்த ஆள் நாளை திரும்பி வரப்போவதில்லை என்று தெரியும். அந்த சாம்பாரிலேயே அது தெரியும். ஆலை வாசல் மெஸ்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. வாரத்தில் ஆறு நாள் அதே முகங்கள். குழம்பு ஒருநாள் காலை வாரினால், மறுநாள் ஒரு லைன் ஆட்களே எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

கடைக்குள் நுழையுமுன் இவர் வெளியே எத்தனை பைக் நிற்கிறது என்று எண்ணுவார். நான் எச்சில் இலைக் கூடையைப் பார்ப்பேன். சோறு மிஞ்சிய இலைகள் அதிகமாகக் கிடந்தால் அடுத்த கடை. திருவொற்றியூரில் நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் இலைகள் துடைத்தமாதிரி இருந்தன. உள்ளே பெண் என்று நான் ஒருத்திதான். யாரும் முறைக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே சமயத்தில் தணிந்த குரலில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சட்டையில் கிரீஸ் படிந்த ஒரு பெரியவர், "ஃபேமிலிக்கு ஃபேன் கீழ எடம் வுடுங்கபா" என்று தன் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் எனக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

காசிமேட்டில் அந்தப் பேச்சே இல்லை. அங்கே அதிகாலை முழுவதும் பெண்கள் ராஜ்ஜியம். விசைப்படகு மீன் ஏலம் போய்க்கொண்டிருக்க, அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுப்பவர்களும் அவர்களே, ஓரமாக அடுப்பு மூட்டி இட்லி விற்பவர்களும் அவர்களே. ஒரு அம்மாளிடம் இட்லியும் முந்தைய நாள் வைத்த காரப்பொடி மீன் குழம்பும் இருந்தன. அலுமினியக் குண்டானைச் சாய்த்து அடியிலிருந்து கரண்டி போட்டார். மேலே மிதந்த எண்ணெய் விலகி, புளியும் மிளகாயும் இறுகிய சிவப்புக் குழம்பு. "சாருக்கு முள்ளு எடுக்கத் தெரியுமா, இல்ல நீ எடுத்துக் குடுப்பியா?" என்று என்னைக் கேட்டார். சார் பதில் சொல்லாமல் இரண்டாம் ஈடு வாங்கினார்.

காலண்டரையும் பார்த்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது வஞ்சிரம் வறுவல் என்று பலகை தொங்கினால், எங்கிருந்து வந்த மீன் என்று கேளுங்கள். ஃபைபர் படகில் போய் வருபவர்கள் கொண்டுவரும் சின்ன மீன்தான் அந்த மாதங்களில் புதுசு.

எண்ணூர் இறாலுக்கு வேறு கணக்கு. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் இறாலும் மடவையும் நண்டும் பிடித்துப் பிழைத்த ஊர்கள் இவை. அதே கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் இறங்கியது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் ஓடிவந்து கழிமுகம் முழுக்கப் படிந்தபோது, மீனவர்களே படகில் போய்க் கையால் அள்ளினார்கள். இறால் தொக்கு கேட்டால், "எண்ணூர் எறாதான், சாப்புடுவீங்களா?" என்று கடைக்காரர் நம் முகத்தைப் பார்க்கிறார். ஒரு காலத்தில் அது பெருமையாகச் சொல்லும் பேச்சு. நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிடலாமா என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

முந்தின நாள் மாலை சாப்பிட்ட பர்மா பலகாரத்தைச் சொல்லாமல் விட்டால் இவர் கோபித்துக்கொள்வார். பர்மாவில் 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில ஆண்டுகளில் கடைகளெல்லாம் அரசுடைமை ஆக, கப்பலேறி வந்த தமிழர்களில் பலர் துறைமுகத்தைச் சுற்றியே பிழைப்புத் தேடினார்கள். பீச் ஸ்டேஷனுக்கு அருகே செகண்ட் லைன் பீச் சாலையில் தள்ளுவண்டிகளில் அத்தோ போடுவது அந்த வழிதான். நூடுல்ஸ், முட்டைகோஸ், பச்சை வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ தட்டை எல்லாம் ஒரே பேசினில் விழ, விரல்களாலேயே அளைந்து கொடுக்கிறார்கள். பக்கத்தில் சூடாக வாழைத்தண்டு சூப். முட்டையைக் கீறி வறுத்த வெங்காயம் அடைத்து, புளித்தண்ணீர் ஊற்றி நீட்டியதை இவர் ஒரே வாயில் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தார். வாழைத்தண்டு சூப்பில் நூடுல்ஸ் போட்ட மொய்ங்கா பர்மாவில் காலைப் பலகாரம். இங்கே ஆபீஸ் விடும் கூட்டத்துக்காக அது சாயங்காலத்துக்கு நகர்ந்துவிட்டது.

எண்ணூரைத் தாண்டுமுன் டீக்கடையில் நின்ற டிரெய்லர் டிரைவரிடம், நெல்லூரில் எங்கே சாப்பிடலாம் என்று விசாரித்தேன். கடைப் பெயர் சொல்லவில்லை. "எத்தினி மணிக்குப் போய்ச் சேருவீங்கக்கா?" என்றார். பத்தரை ஆகும் என்றார் இவர். "அப்ப நெல்லூர் வேணாம். நாயுடுபேட்டையிலயே முடிச்சுக்கங்க."