பதில் சொல்வது எந்தப் பைத்தான்?

பைத்தான் பழக வருகிறவர்களில் பலர், முதல் நிரலை எழுதும் முன்பே ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ‘வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி ஆக்டிவேட் செய்யுங்கள்’ என்று பாடம் சொல்லும். விஎஸ் கோட் எடிட்டரைத் திறந்து, டெர்மினலில் சொன்னபடி தட்டினால், விண்டோஸ் சிவப்பு எழுத்தில் நாலைந்து வரி கத்தும்: இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட்களை ஓட்டத் தடை. பைத்தான்தான் பழுது என்று அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. அப்போதும் அதே சிவப்புதான் வரும். அந்தத் தடைக்கும் பைத்தானுக்கும் சம்பந்தமே இல்லை.

வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்ற இந்தத் தனிச் சூழல் எதற்கு? ஒரே கணினியில் இரண்டு திட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு ஜாங்கோ என்ற தொகுப்பின் பழைய பதிப்பு வேண்டும், மற்றதற்குப் புதியது. ஒரே பைத்தானில் இரண்டையும் வைக்க முடியாது. பின்னால் வந்தது முன்னதைத் தள்ளிவிடும். இதற்காக இயன் பிக்கிங் 2007-இல் ‘வெர்ச்சுவல்என்வ்’ என்ற கருவியை எழுதினார். 2012-இல் வந்த பைத்தான் 3.3, ‘வென்வ்’ என்ற பெயரில் அந்த வசதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

வென்வ் உருவாக்கும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அதில் சில வரிகளே உள்ள ஓர் அமைப்புக் கோப்பு இருக்கும்: அசல் பைத்தான் எங்கே இருக்கிறது, அதன் பொதுத் தொகுப்புகளைத் தொடலாமா, பதிப்பு எண் என்ன. பைத்தான் கிளம்பும்போது தன் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ இந்தக் கோப்பைத் தேடும். கண்ணில் பட்டால், தான் தனிக்குடித்தனம் வந்துவிட்டதாகப் புரிந்துகொண்டு வழக்கமாக இந்த வீட்டுத் தொகுப்புகளை மட்டுமே எடுக்கும்.

அப்படியானால் ஆக்டிவேட் என்னதான் செய்கிறது? ‘பைத்தான்’ என்று தட்டியதும் ஷெல், ‘பாத்’ எனப்படும் கோப்புறைப் பட்டியலை மேலிருந்து பார்த்து, முதலில் அகப்படுவதை ஓட்டும். ஆக்டிவேட் ஸ்கிரிப்ட், நம் கோப்புறையை அந்தப் பட்டியலின் உச்சியில் ஏற்றுகிறது. டெர்மினல் வரியின் முன்னால் சூழலின் பெயரை ஒட்டுகிறது. வேறு பெரிய வேலை இல்லை. ஆக்டிவேட் செய்யாமலே, உள்ளே இருக்கும் பைத்தானை முழு முகவரியோடு அழைத்தாலும் எல்லாம் ஓடும்.

சிவப்பு எழுத்துக்கு வருவோம். விஎஸ் கோட் விண்டோஸில் வழக்கமாகத் திறப்பது பவர்ஷெல். 2000-ஆம் ஆண்டு மே மாதம் காதல் கடிதம் என்று மின்னஞ்சலில் வந்து உலகையே ஆட்டிய ‘ஐ லவ் யூ’ புழு, சொடுக்கியதும் ஓடிவிடும் ஒரு ஸ்கிரிப்ட்தான். அப்படிப்பட்ட ஆபத்தைத் தவிர்க்க, 2006-இல் வந்த பவர்ஷெல், சாதாரண விண்டோஸ் கணினிகளில் எந்த ஸ்கிரிப்டையும் ஓட்டாத அமைப்போடுதான் வருகிறது. ஆக்டிவேட்டும் ஒரு ஸ்கிரிப்ட் என்பதால் அதுவும் மாட்டிக்கொள்கிறது. இந்தத் தடையை ஆளும் ‘எக்ஸிக்யூஷன் பாலிசி’யை நம் பயனர் கணக்குக்கு மட்டும் ‘ரிமோட்சைன்டு’ என்று மாற்றினால் போதும். அதன்பின் நம் கணினியில் எழுதியவை ஓடும். இணையத்திலிருந்து இறங்கியவற்றுக்குக் கையொப்பம் வேண்டும். ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என்று மொத்தமாகத் திறந்துவிடச் சொல்லும் யோசனையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அலுவலக மடிக்கணினியில் மாற்ற அனுமதி இல்லையென்றால், பழைய கமாண்ட் பிராம்ப்ட்டில் ஆக்டிவேட் செய்யலாம். இந்தத் தடை அங்கே கிடையாது.

மேக், லினக்ஸில் கோளாறு சத்தமில்லாமல் வரும். ஆக்டிவேட் கட்டளையின் முன்னால் வர வேண்டிய ‘ஸோர்ஸ்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ஸ்கிரிப்டை பாஷ் ஷெல்லிடம் நேரே கொடுத்தால் பிழை எதுவும் காட்டாது, ஆனால் ஒன்றும் மாறியிருக்காது. புதிதாகக் கிளம்பிய ஒரு துணை ஷெல் தன் பட்டியலை மாற்றிக்கொண்டு, வேலை முடிந்ததும் அந்த மாற்றத்தோடு மறைந்துவிடுகிறது.

ஆளை அதிகம் அலைக்கழிப்பது இன்னொன்று. டெர்மினலில் சூழலின் பெயர் தெரிகிறது, தொகுப்புகளை நிறுவும் பிப் ‘ஏற்கெனவே நிறுவியாயிற்று’ என்கிறது, ஆனால் நிரலை ஓட்டினால் ‘அப்படியொரு மாட்யூலே இல்லை’ என்று பதில் வருகிறது. டெர்மினல் ஒரு பைத்தானையும், எடிட்டரின் ரன் பொத்தான் வேறொரு பைத்தானையும் பிடித்துக்கொண்டிருக்கும். நிரலின் தலையில் ‘சிஸ்’ மாட்யூலை இறக்குமதி செய்து, அதன் ‘எக்ஸிக்யூட்டபிள்’ மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். எது ஓடுகிறது என்று முழு முகவரியோடு வந்துவிடும். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, ‘செலக்ட் இன்டர்ப்ரட்டர்’ வழியாக நம் சூழலின் பைத்தானைத் தேர்ந்தெடுத்து, பழைய டெர்மினலை மூடிவிட்டுப் புதியதைத் திறக்க வேண்டும். பட்டியலில் சூழலே தெரியவில்லையா? திட்டக் கோப்புறைக்குப் பதில் அதற்கு மேலே உள்ளதைத் திறந்திருப்பீர்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் ஜேஎஸ் தன் தொகுப்புகளைத் திட்டக் கோப்புறைக்குள்ளேயே தானாகத் தேடிக்கொள்வதைப் பார்க்கும்போது, பைத்தான் நம்மை இவ்வளவு சுற்றவிட்டிருக்க வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

திட்டக் கோப்புறையின் பெயரை மாற்றினாலும், வேறிடத்துக்கு நகர்த்தினாலும் சூழல் உடையும். ஆக்டிவேட் ஸ்கிரிப்டிலும் பிப்பிலும் பழைய முகவரி முழுசாக எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டிருக்காமல், தேவையான தொகுப்புகளின் பட்டியல் கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சூழலை அழித்துப் புதிதாக உருவாக்குவதே எளிது. இதனால்தான் நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் சூழலை ஏற்றக் கூடாது என்பார்கள். பைத்தான் 3.13 முதல் வென்வ், கிட் அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கான கோப்பையும் தானே உள்ளே எழுதிவைத்துவிடுகிறது.