உப்புக் காற்றும் மோட்டார் விளக்கும்

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கல்லடி போன்ற இடங்களில் மோட்டார் வண்டியின் முன்விளக்கோ தரிப்பு விளக்கோ மங்கினால், மின்குமிழே பழுதென்று முடிவுகட்டுதல் கூடாது. குமிழுக்குச் சென்ற மின்னோட்டம் வண்டியின் உலோக உடல் வழியாகவே பற்றரிக்குத் திரும்புகிறது. அவ்விணைப்பை உப்புக் காற்று அரித்தால் ஒளி குன்றும். விளக்குகள் தாழ்ந்தமைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் தெறிக்கும் நீரும் அதற்குத் துணைசெய்யும்.

விளக்கின் திரும்பு கம்பியை, உடலோடு பொருந்திய பற்றரி முனையுடன் வேறொரு கம்பியால் தொடுத்துப் பாருங்கள். ஒளி மீண்டால் குற்றம் அவ்விணைப்பினதே. கழற்றி, துருவகற்றி, கிரீஸ் பூசி இறுக்குக. விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்தால் உருகியையும் ஆளியையும் நோக்குக.

இருளில், விளக்கில்லாத துவிச்சக்கரவண்டியில் வாவிக்குச் செல்லும் மீனவரின் உயிர் நம் விளக்கொளியிலேயே தங்கியுள்ளது.